குழிக்கு ஒரு சாண் தள்ளி

டோக்கியோ
9 ஏப்ரல் 1989

அன்பு அக்காவுக்கு,

இங்கே செர்ரிப்பூ போன வாரத்தோடு கொட்டி முடிந்தது. உங்கள் மலைப்பக்கம் இப்போதுதான் மலர்ந்திருக்கும். உன் இடுப்புவலி தேவலையா? நானும் சாதோகோவும் குறையில்லாமல் இருக்கிறோம். இந்த மாதத்திலிருந்து புது வரி வந்ததில் சாதோகோவின் பர்ஸ் முழுக்க ஒரு யென் காசு. கடைக்குப் போனால் கலகலவென்று சத்தம் கேட்கிறது.

போனில் பேசலாம்தான். ஆனால் உங்கள் விடுதியில் போன் வார்டன் அம்மாவின் மேசை மேல் இருக்கிறது. நான் பேசுவதை அவரும் கேட்டு, மாலைக்குள் கோல்ஃப் கிளப் முழுக்கக் கேட்டுவிடும். அதனால் கடிதம்.

விஷயம் இதுதான். எங்கள் விற்பனைப் பிரிவின் தலைவர் காகிஸாகி சாரைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை லிஃப்டில் நானும் அவரும் மட்டும். ஏழாவது மாடி தாண்டும்போது சொன்னார்: "ஒகுனுகி, உனக்கு வயசு நாப்பத்தஞ்சு ஆகப்போவுது. இன்னும் விருந்தாளியாவே வந்து ஆடிட்டுப் போனா எப்படிப்பா? ஒரு நல்ல கிளப்புல மெம்பராயிடு." பத்தாவது மாடியில் இறங்கிப் போய்விட்டார்.

ஜனவரியில் எங்கள் பிரிவுக்கு உதவித் தலைவர் போடப் போகிறார்கள். இருப்பது நானும் ஹமானோவும். ஹமானோ இரண்டு வருடமாக ஒரு கிளப்பில் மெம்பர். குளியல் தொட்டி விற்கிற கம்பெனியில் கோல்ஃபுக்கு என்ன வேலை என்று நீ சிரிப்பாய். அக்கா, தொட்டி ஆபீஸில் விற்பதில்லை. கட்டடக்காரர்களை ஞாயிற்றுக்கிழமை ஆடக் கூட்டிப்போனால்தான் விற்கிறது.

இரண்டு கிளப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று சிபாவில், புதிது. ஒரு கோடியே இருபது லட்சம் யென். இன்னொன்று உன்னுடைய ஹகிநோசாவா. அதாவது நீ வேலை பார்க்கிற ஹகிநோசாவா. அது இரண்டு கோடியே எண்பது. காகிஸாகி சார் அங்கேதான் மெம்பர். பத்தொன்பது வருடமாக அந்தப் புல்லை மிதித்தவள் நீ. எது நல்லது, சொல்.

சாதோகோவிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஈரக்காற்றில் நிற்காதே.

தம்பி
தோகுஜி


ஹகிநோசாவா
20 ஏப்ரல் 1989

தம்பிக்கு ஆசிகள்.

இங்கே பூ இரண்டு நாள் நின்றது, மழை வந்து அடித்துக்கொண்டு போய்விட்டது. இடுப்பு அப்படியேதான். நாலு பேருடைய மட்டைப்பைகளை ஒரே வண்டியில் போட்டு மேட்டில் தள்ளினால் எந்த இடுப்புதான் நன்றாக இருக்கும். சாதோகோவுக்கு மலைக்கீரை அனுப்புகிறேன். இரண்டு முறை கொதிக்கவைத்துக் கசப்பை எடுக்கச் சொல்.

கேட்டாயே என்று சொல்கிறேன். சிபாவில் சேர்.

இங்கே புல் நன்றாக இருக்கும். குளியலறைத் தண்ணீர் நன்றாக இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இடம் கிடைக்க இரண்டு மாதம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். சாப்பாட்டுக்கூடத்தில் குழம்புச்சோறு ஆயிரத்து எண்ணூறு யென். மலைமேல் இருப்பதால் இலையுதிர்காலத்தில் காலையில் பனிமூட்டம், கையை நீட்டினால் விரல் தெரியாது. சிபாவில் கடல் காற்று, வெயில், சமதரை. உன் மாதிரி ஆடுகிறவர்களுக்குச் சமதரைதான் சரி.

மெம்பர்களைப் பற்றி ஒன்று சொல்கிறேன். மட்டைப்பைக்காரிக்கு ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டாம், பையைத் திறந்தால் போதும். காசு நிறைய இருக்கிறவர் பையில் பழைய பந்து கிடக்கும். கஷ்டப்பட்டுச் சேர்ந்தவர் பையில் எல்லாம் புதுசு. அவர்கள் பந்து காட்டுக்குள் போனால் நான்தான் போய்த் தேடுவேன். மற்றவர்கள் "விடுங்கம்மா" என்பார்கள். இவர்கள் ஒன்றும் சொல்லாமல் நின்றுகொண்டே இருப்பார்கள்.

ஒன்று கேட்கிறேன், பதில் எழுது. உனக்கு கோல்ஃப் பிடிக்குமா?

சாதோகோவிடம் இன்றைக்கே சொல்லிவிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
கினுயோ


டோக்கியோ
14 மே 1989

அன்பு அக்காவுக்கு,

வெயில் ஏறிவிட்டது, ஆபீஸில் சட்டைக்கை மடிக்கிற காலம். மலைக்கீரை வந்து சேர்ந்தது. சாதோகோ ஒரே முறைதான் கொதிக்கவைத்தாள், இருவருக்கும் நாக்கு கசந்தது. நீ நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சிபா சரி என்றுதான் நானும் முடிவு செய்திருந்தேன். அச்சடித்த தாளைக் காகிஸாகி சாரிடம் காட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் உனக்காக ஹகிநோசாவாவுல ஒரு வார்த்தை சொல்லி வச்சிட்டேனே" என்றார்.

அக்கா, உனக்குத் தெரியும். அங்கே சேர இரண்டு மெம்பர்கள் கையெழுத்துப் போட்டுப் பரிந்துரைக்க வேண்டும். நான் கேட்காமலே அவர் ஒரு கையெழுத்துப் போட்டு, இன்னொருவரிடமும் வாங்கி வைத்துவிட்டார். இனி வேண்டாம் என்றால் அவர் முகத்தில் அடித்த மாதிரி. "ரொம்ப நன்றி சார்" என்று குனிந்தேன். நிமிரவே மனமில்லை.

சாதோகோவிடம் சொன்னேன். வீடு வாங்கச் சேர்த்த ஒரு கோடியே பத்து லட்சத்தை அப்படியே எடுக்கிறோம். மீதியை வங்கிக்காரரே வீட்டுக்கு வந்து, மெம்பர் பத்திரத்தையே அடமானமாக வைத்துக்கொண்டு தருகிறாராம். இந்தப் பத்திரத்தின் விலை ஏறிக்கொண்டேதான் போகும், வீடு வாங்குவதை விட இதுதான் லாபம் என்கிறார். சாதோகோ அடுக்களைக்குப் போய் அரிசி களைந்தாள். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன், நாலு தண்ணீர், ஐந்து தண்ணீர். பிறகு, "ஐம்பது வயசுல கம்பெனி வீட்ட காலி பண்ணணுமே, நினைப்பு இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டாள். வாங்கப்போகிற வீட்டுக்கென்று அவள் தேர்ந்தெடுத்து வைத்திருந்த சமையலறைச் சுவர் ஓட்டின் மாதிரித் துண்டு, விரல் நீளம், இன்னும் ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது.

இன்னொன்று. இதை எப்படி எழுதுவது என்று மூன்று நாளாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நான் அங்கே வரும்போது நாம் அக்கா தம்பி என்று யாருக்கும் தெரிய வேண்டாம். உன்னை நினைத்து எனக்கு வெட்கம் இல்லை. காகிஸாகி சார் உன்னிடம் பையைக் கொடுக்கும்போது அவருக்குத்தான் சங்கடமாக இருக்கும்.

கோபித்துக்கொள்ளாதே. மழைக்காலம் வருமுன் இடுப்பை டாக்டரிடம் காட்டு.

தம்பி
தோகுஜி


ஹகிநோசாவா
28 மே 1989

ஒகுனுகி சார் அவர்களுக்கு,

பார், இப்போதே பழகிக்கொள்கிறேன்.

மழை தொடங்கவில்லை, தவளை தொடங்கிவிட்டது. நான் நலம். நீயும் சாதோகோவும் நலமாக இருக்க வேண்டும், அதிலும் சாதோகோ.

கோபம் வந்தது. வரவில்லை என்று எழுத எனக்கு வராது. உனக்குச் சின்ன வயதில் மூக்கைச் சிந்திவிட்ட கை இது. ஆனால் இரண்டு நாள் வண்டி தள்ளியதில் கோபம் போய்விட்டது. என் பெயர் கல்யாணத்தோடு மாறியாயிற்று, முகமும் நம் இருவருக்கும் ஒன்றல்ல. யாருக்கும் தெரியாது. இங்கே நான் முப்பத்தொன்றாம் நம்பர். என்னை வேண்டாம் என்று நீ சொல்ல முடியாது, எந்தக் கோஷ்டிக்கு யார் என்று விடியற்காலையில் ஆபீஸில்தான் எழுதிப்போடுவார்கள். என் பெயர் விழுந்தால் தொப்பியை இழுத்துவிட்டுக்கொள்கிறேன்.

சேர்வது என்று ஆகிவிட்டது. அப்படியானால் ஒரு காரியம் மட்டும் நான் சொல்கிறபடி செய். ஒரே அடியில் குழி இன்சூரன்ஸ் எடு.

சிரிக்காதே. இங்கே பெயின்ட் கடை வைத்திருந்த ஒரு மெம்பர் இருந்தார், உன்னைப் போலக் கஷ்டப்பட்டுச் சேர்ந்தவர். ஆறு வருடம் முன்பு ஏழாம் குழியில் ஒரே அடியில் பந்து உள்ளே விழுந்துவிட்டது. கையைத் தூக்கிக் குதித்தார். அதோடு சந்தோஷம் முடிந்தது. அன்றைக்கு ஆடிய எல்லோருக்கும் விருந்து. மெம்பர்களுக்கு நினைவுப் பரிசு. எங்கள் எல்லோருக்கும் கவரில் பணம், பெயர் பொறித்த துண்டு. ஏழாம் குழிப் பக்கத்தில் ஒரு மரம் நட வேண்டும், அதற்குக் கல்வெட்டு. அதிர்ஷ்டம் வந்தவன் அதைப் பங்கு போட வேண்டும் என்பது முறை. செய்யாதவன் அடுத்த நாள் இங்கே தலைகாட்ட முடியாது. முப்பது லட்சம் யென் ஆயிற்று. அடுத்த வருடம் பத்திரத்தை விற்றுவிட்டுப் போனார். மரம் நன்றாக வளர்கிறது.

வருடத்துக்கு ஐயாயிரம் யென்தான் கட்டணம். சாதோகோவிடம் சொல்லாமலேகூட எடுக்கலாம்.

ஏப்ரலில் ஒன்று கேட்டேன், பதில் வரவில்லை.

முப்பத்தொன்றாம் நம்பர்
கினுயோ


டோக்கியோ
16 ஜூலை 1989

அன்பு அக்காவுக்கு,

மழை விட்ட மறுநாளே புழுக்கம். அங்கே மலையில் உனக்குப் பரவாயில்லை என்று நினைக்கிறேன். நாங்கள் சுகம். சாதோகோ கொஞ்சம் இளைத்திருக்கிறாள், வெயில் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

நான் இப்போது மெம்பர். குடும்பப் பதிவேட்டு நகல், சம்பளச் சான்று, இரண்டு பரிந்துரை எல்லாம் கொடுத்து, கோட்டு போட்டு நேர்காணலுக்கும் போய் வந்தேன். நீளமான மேசை, ஐந்து கிழவர்கள். "கூடப்பிறந்தவங்க?" என்று ஒருவர் கேட்டார். "ஒரு அக்கா. தோச்சிகியில கட்டிக்குடுத்தது" என்றேன். அது பொய் இல்லையே? அந்த அறையின் ஜன்னல் வழியே மட்டைப்பை வண்டிகள் வரிசையாகத் தெரிந்தன. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இன்சூரன்ஸ் எடுக்கவில்லை. எடுக்கத்தான் நினைத்தேன். எங்கள் ஆபீஸுக்கு மதியச் சாப்பாட்டு வேளையில் ஒரு இன்சூரன்ஸ் அம்மா வருவார், மிட்டாய் கொடுத்துக்கொண்டே மேசை மேசையாகப் போவார். நான் மெதுவாகக் கேட்டேன். அவர் சத்தமாகத் திரும்பக் கேட்டார்: "ஒரே அடியில குழியா? ஒகுனுகி சாருக்கா?" பிரிவு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஹமானோ சோற்றை வாயில் வைத்துக்கொண்டே, "சார், முதல்ல பந்து மேல மட்டை படறதுக்கு இன்சூரன்ஸ் எடுங்க" என்றான். காகிஸாகி சார்கூடச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, ஒரு மிட்டாயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவன் சொன்னதும் நிஜம்தானே. பதினெட்டுக் குழியையும் நூற்றிருபது அடிக்குக் குறைந்து நான் முடித்ததில்லை. என் கையில் அது எங்கே வரப்போகிறது.

ஆகஸ்ட் 20 முதல் ஆட்டம். பனியில் நிற்காதே, வெயிலிலும் நிற்காதே.

தம்பி
தோகுஜி


ஹகிநோசாவா
30 ஆகஸ்ட் 1989

தம்பிக்கு,

சில்வண்டுச் சத்தம் குறைந்துவிட்டது. எனக்கு ஒரு குறையும் இல்லை. சாதோகோவின் உடம்புக்கு என்ன? உண்மையான பதிலை எழுது.

இருபதாம் தேதி நீ வந்ததைப் பார்த்தேன். உன் கோஷ்டிக்கு வேறு பெண். நான் பத்தடி தூரத்தில், மட்டை பெயர்த்த பள்ளங்களில் புல் நிரப்பிக்கொண்டு இருந்தேன். எதிரே வந்தாய். குனிந்து, "வாங்க சார்" என்றேன். நீ வானத்தைப் பார்த்து, "நல்ல வெயில்" என்று அதனிடம் சொல்லிவிட்டுப் போனாய். நன்றாகத்தான் நடித்தாய்.

மதியம் கார் நிறுத்துகிற இடத்தில் குப்பை எடுக்கப் போனேன். கடைசி வரிசையில், பெரிய வெளிநாட்டுக் கார்களுக்குப் பின்னால், ஒரு சின்ன வெள்ளைக் கார். உள்ளே ஒருவர் குனிந்து உட்கார்ந்து சோற்று உருண்டை சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

இத்துடன் உப்பில் ஊறிய பிளம் ஒரு ஜாடி அனுப்புகிறேன். உருண்டைக்குள் வைத்தால் வெயிலில் கெடாது.

அக்கா
கினுயோ


டோக்கியோ
8 அக்டோபர் 1989

அன்பு அக்காவுக்கு,

ஓஸ்மாந்தஸ் பூ வாசனை தெருவெல்லாம். உன் இடுப்பு இந்தக் குளிரை எப்படித் தாங்குகிறது? பிளம் ஜாடி வந்தது. சாதோகோவுக்குப் பிடித்தது.

சாதோகோவுக்கு நோய் ஒன்றும் இல்லை. செப்டம்பரிலிருந்து ஸ்டேஷன் பக்கத்துப் பல்பொருள் கடையில் மீன் பொட்டலம் கட்டுகிற வேலைக்குப் போகிறாள். "வீட்டுல சும்மா உக்காந்திருக்க முடியல" என்கிறாள். பதினாலு வருடம் உட்கார முடிந்ததே என்று நான் கேட்கவில்லை. வங்கித் தவணையும் கிளப் மாதக் கட்டணமும் போனால் என் சம்பளத்தில் மிஞ்சுவது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கை விரல்கள் ஐஸில் சிவந்து போகின்றன.

பத்திரத்தின் விலை நாற்பது லட்சம் ஏறியிருக்கிறதாம். "அப்ப வித்துடலாமே" என்றாள் சாதோகோ, முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. எப்படி விற்பது? பரிந்துரைத்தவர் அதே கிளப்பில் இருக்கிறார். ஆறு மாதத்தில் விற்றால், லாபத்துக்காக அவர் பெயரைப் பயன்படுத்தியதாக ஆகும். அவர் ஓய்வு பெறும் வரை விற்க முடியாது என்று விளக்கினேன். "அதுக்கு இன்னும் எத்தன வருஷம்?" என்றாள். ஒன்பது. விரல் விட்டு எண்ணிவிட்டு எழுந்து போனாள்.

வருகிற 22ஆம் தேதி ஞாயிறு கம்பெனிப் போட்டி. பத்துக் கோஷ்டி, நாற்பது பேர். என் கோஷ்டியில் காகிஸாகி சார், ஒரு கட்டடக் கம்பெனி முதலாளி, அவருடைய மேலாளர். அன்று நன்றாக நடந்துகொண்டால் ஜனவரி என் பக்கம் என்று தோன்றுகிறது. நன்றாக ஆட வேண்டும் என்றுகூட இல்லை, முதலாளியை விட மோசமாக ஆடினால் போதும். அது எனக்கு வரும்.

உன் பெயர் என் கோஷ்டிக்கு விழாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

தம்பி
தோகுஜி


ஹகிநோசாவா
25 அக்டோபர் 1989

தம்பிக்கு,

மேப்பிள் சிவக்கத் தொடங்கிவிட்டது. வீடு சேர்ந்து மூன்று நாள் ஆகியிருக்கும், களைப்பு தீர்ந்ததா? அன்றைய ஈரத்தில் சளி பிடிக்காமல் இருந்தால் சரி.

என் பெயர்தான் விழுந்தது. நான் கேட்டு வாங்கவில்லை. நீ வேண்டிக்கொண்டது தவறான சாமியிடம் போலிருக்கிறது.

பனிமூட்டம் அவ்வளவு இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. பதினாலாம் குழியில் அடிக்கிற மேட்டிலிருந்து கொடியே தெரியவில்லை. அதனால்தான் ஆபீஸில் சொன்னபடி நான் முன்னால் நடந்துபோய், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லில், கிரீனில் நின்று விசில் கொடுத்தேன், பந்து எங்கே விழுகிறது என்று பார்க்க. முதலாளியின் பந்து மணலில். மேலாளருடையது காட்டோரம். காகிஸாகி சாருடையது கிரீனின் விளிம்பில். கடைசியாக உன்னுடையது குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. நல்ல அடி.

மற்றபடி ஒன்றும் இல்லை. காகிஸாகி சார் கண்ணியமானவர், பையைக் கொடுக்கும்போது இரண்டு கையால் கொடுத்தார். நீயும்தான்.

சாதோகோவுக்குக் கை வெடிப்புக்கு ஒரு களிம்பு அனுப்புகிறேன். நாங்கள் எல்லோரும் போடுவது.

நல்ல அடி, தம்பி. ஒரு சாண்தான்.

அக்கா
கினுயோ


ஹகிநோசாவா
3 டிசம்பர் 1989

தம்பிக்கு,

இங்கே காலையில் புல்லெல்லாம் உறைபனி. நீங்கள் இருவரும் நலமா? நான் எழுதி நாற்பது நாள் ஆகிறது, உன்னிடமிருந்து பதில் இல்லை. களிம்பு வந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

போன வாரம் ஒரு பல் டாக்டருக்கு அதே பதினாலாம் குழியில் ஒரே அடியில் விழுந்தது. நல்ல வெயில், எல்லோரும் பார்த்தார்கள். இன்சூரன்ஸ் வைத்திருந்தவர். விருந்து கொடுத்தார், எங்களுக்குத் துண்டு கொடுத்தார். எனக்கும் ஒன்று. அவர் பெயர், தேதி, பதினான்காம் குழி, நூற்று நாற்பத்தெட்டு கஜம் என்று நீல நூலில் தைத்திருக்கிறது. அந்தத் துண்டில் என்னால் முகம் துடைக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தம்பி, உன் பந்து உள்ளே விழுந்தது.

கிரீனில் விழுந்து, ஒருமுறை குதித்து, உருண்டு வந்து விழுந்தது. பனியில் எனக்கு முதலில் சத்தம்தான் கேட்டது. பீங்கான் கோப்பையில் கூழாங்கல் போட்ட மாதிரி. ஒரே அடியில் வந்து விழுகிற அந்தச் சத்தத்தைப் பத்தொன்பது வருடத்தில் அதுவரை இரண்டு முறைதான் கேட்டிருக்கிறேன். வாயில் விசில் இருந்தது. ஊதி, கையைத் தூக்கி, கத்த வேண்டும், அதுதான் வேலை.

நாற்பது பேர் என்று நீ எழுதியிருந்தாய். எனக்கு அந்த நாற்பதுதான் ஞாபகம் வந்தது. பெயின்ட் கடைக்காரர் குளியலறை வாசலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது, நீ காருக்குள் குனிந்து சாப்பிட்டது, சாதோகோவின் விரல், எல்லாம் சேர்ந்து வந்தது. நீங்கள் பேசிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்குகிற சத்தம் கேட்டது. குழிக்குள் கையை விட்டு எடுத்தேன். ஒரு சாண் தள்ளி வைத்தேன். வந்து பார்த்துவிட்டு காகிஸாகி சார், "ஓகே ஓகே, எடுத்துக்கப்பா, இதுக்குப் போயி ஏன் தட்டணும்" என்றார். நீ குனிந்து பந்தைக் கையில் எடுத்துக்கொண்டாய். தட்டி உள்ளே விழுகிற சத்தத்தைக்கூட நீ கேட்கவில்லை.

காப்பாற்றினேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இப்போது திருடினேன் என்று நினைக்கிறேன். எதை என்றால், உனக்கென்று வந்த ஒன்றே ஒன்றை. ஆபீஸில் சொல்லலாம் என்றால் இனி யார் நம்புவார்கள்? சொன்னாலும் விருந்துச் செலவு உன் தலையில் வரும். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் உனக்குத்தான் கெடுதல்.

திட்டியாவது எழுது.

அக்கா
கினுயோ


டோக்கியோ
7 ஜனவரி 1990

அன்பு அக்காவுக்கு,

புது வருடம் உனக்கு நோயில்லாமல் அமையட்டும். நாங்கள் அரிசி உருண்டைச் சூப்போடு எளிமையாகக் கொண்டாடினோம். களிம்பு அக்டோபரிலேயே வந்தது, சாதோகோவின் விரல்கள் ஆறிவருகின்றன. எழுதாமல் இருந்தது என் தவறு.

உதவித் தலைவர் ஹமானோ.

டிசம்பர் 15ஆம் தேதி வருட முடிவு விருந்தில் காகிஸாகி சார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கோப்பையில் ஊற்றிக்கொடுத்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. என் தோளில் கை போட்டுச் சொன்னார்: "மனசுல வச்சுக்காத ஒகுனுகி. நீ நல்லவன், உழைப்பாளி, அதுல சந்தேகமே இல்ல. ஆனா விக்கறவனுக்கு அதிர்ஷ்டம்னு ஒண்ணு வேணும்யா. அந்தப் பதினாலாவது குழியையே பாரேன். ஒரு சாண்ல நின்னு போச்சு. அதுவே ஹமானோவா இருந்தா உள்ள விழுந்திருக்கும்."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை அக்கா. நிஜமாகவே எனக்காக வருத்தப்பட்டார். நான், "ஆமாம் சார்" என்று சொல்லி அவருக்கு ஊற்றினேன்.

இனி என் விஷயம். உன் டிசம்பர் கடிதத்தை வைத்துக்கொண்டு இத்தனை நாள் எழுதாமல் இருந்தது கோபத்தால் அல்ல. நீ எழுதியது எனக்கு முன்பே தெரியும்.

அன்றைக்குக் கிரீன் முழுக்கப் பனி ஈரம். பந்து உருண்டு வந்த இடத்தில் ஈரம் துடைபட்டு ஒரு கோடு இருந்தது, விரலால் கண்ணாடியில் இழுத்த மாதிரி. நான்தான் முதலில் கிரீனில் ஏறினேன். மற்ற மூவரும் அவரவர் பந்தைத் தேடிக்கொண்டு இருந்தார்கள். அந்தக் கோடு நேராகக் குழிக்குப் போய் முடிந்தது. என் பந்து குழிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது, அதற்குப் போகக் கோடு எதுவும் இல்லை. பத்தொன்பது வருடம் வேலை செய்த உனக்கு ஈரம் ஞாபகம் வரவில்லை.

உன்னைப் பார்த்தேன். தொப்பியை இழுத்துவிட்டு, கொடியைப் பிடித்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றாய். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வாழ்க்கையில் ஒருமுறை எல்லோரும் என்னைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். காகிஸாகி சாரின் காலடிச் சத்தம் கேட்டது. நான் அந்தக் கோட்டின் மேலேயே நடந்தேன், அக்கா. பந்து விழுந்த இடத்திலிருந்து குழி வரைக்கும், காலைத் தேய்த்துத் தேய்த்து. திரும்பிப் பார்த்தபோது ஒன்றும் இல்லை, வெறும் ஷூத் தடம்.

அதனால் நீ ஒருத்தி திருடவில்லை. உனக்குத் திட்டு எழுத எனக்கு வாய் இல்லை.

பத்திரம் இன்னும் பத்து லட்சம் ஏறியிருக்கிறதாம், வங்கிக்காரர் நாட்காட்டி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். சமையலறை ஓட்டுத் துண்டைச் சாதோகோ ஜன்னலிலிருந்து எடுத்துவிட்டாள். எங்கே வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. வருகிற ஞாயிறும் ஆட வருகிறேன். இப்போது ஹமானோவின் விருந்தாளிகளுக்கும் இடம் பிடித்துத் தருவது என் வேலை.

ஏப்ரலில் நீ கேட்டாய், கோல்ஃப் பிடிக்குமா என்று. பிடிக்காது. அந்த ஒரு அடி பிடித்தது. மட்டையிலிருந்து போகும்போதே தெரிந்தது, கையில் ஒன்றுமே படாத மாதிரி இருந்தது. பனிக்குள் போய் மறைகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

முந்தாநாள் மதியம் அந்த இன்சூரன்ஸ் அம்மா வந்தார். எல்லோர் முன்னாலும் கூப்பிட்டு, ஐயாயிரம் யென்னை எடுத்துக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். பிரிவே சிரித்தது. ஹமானோ எழுந்து நின்று கைதட்டினான். நான் மிட்டாயையும் வாங்கிக்கொண்டேன்.

இனி அப்படி விழுந்தால் எடுக்காதே, அக்கா. விழாது, தெரியும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

இடுப்பைச் சூடாக வைத்துக்கொள்.

உன் தம்பி
தோகுஜி